‘பட வேண்டும்’ பழக்கமும் ஆங்கில வினையின் வாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பகுதியில் செயப்பாட்டு வினை ஒரு வாரமும், மஸ்ட், ஷுட், கேன் போன்ற மோடல் துணைவினைகள் ஒரு வாரமும், வினையோடு ‘ஆஃப்’, ‘இன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து வரும் ஃப்ரேசல் வெர்ப் வேறொரு வாரமும் பாடமாக வந்தன. தனித்தனியே மூன்றிலும் குறையில்லை. மாணவர்கள் தடுக்கி விழுவது இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் கூடும் இடத்தில். அறிவிப்புப் பலகை, விண்ணப்பப் படிவம், அலுவலகக் கடிதம், இயந்திரத்தின் கையேடு எதை எடுத்தாலும் அந்தக் கூட்டுதான் கண்ணில் படுகிறது. ‘தி ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இன்’, ‘தி பவர் ஷுட் பி ஸ்விட்ச்ட் ஆஃப்’, ‘தி மீட்டிங் மே பி புட் ஆஃப்’. இதற்கென்று ஒரு பாடம் வரவேயில்லை என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு மாறுபாட்டைச் சொல்லிவிடுகிறோம். செயப்பாட்டு வினைக்குத் தங்கள் பகுதி தரும் தமிழ் எப்போதும் ‘பட வேண்டும்’ என்றே முடிகிறது: ‘விளக்கு அணைக்கப்பட வேண்டும்’, ‘படிவம் நிரப்பப்பட வேண்டும்’. வாயால் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ‘விளக்கை அணைக்க வேண்டும்’ என்கிறோம். அணைப்பது யார் என்று அதில் இல்லை; இல்லாததால் குறையும் இல்லை. எழுவாய் இல்லாமலே தமிழ் வாக்கியம் நிற்கும். ஆங்கிலம் நிற்காது. ஏவல் வாக்கியம் தவிர மற்றவற்றில் எழுவாயின் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். செய்பவர் இல்லையென்றால் விளக்கே வந்து உட்காருகிறது. அதைத்தான் செயப்பாட்டு வினை என்கிறோம்.

ஆகவே மாணவர் தேட வேண்டிய அடையாளம் ‘படு’ அல்ல. செய்பவர் பெயர் இல்லாமல், ‘ஐ’ உருபு ஏறிய சொல் ஒன்று இருக்கும் வாக்கியத்தைத் தேட வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் செயப்பாட்டு வினைதான் பொருந்தும். இயல்பான தமிழை முதலில் ‘பட’ போட்டு வளைத்து, வளைந்ததை மறுபடி ஆங்கிலமாக்குவது இரட்டை வேலை. அந்த இரண்டாம் நடையில்தான் சொற்கள் உதிர்கின்றன.

‘கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘ஐ’ ஏறிய சொல்லிலிருந்து உருபைக் கழற்றி முதலில் வைக்க வேண்டும்: ‘தி மீட்டிங்’. அடுத்து மோடல்: ‘மஸ்ட்’. அதன் பிறகு ‘பி’. பிறகு வினையின் மூன்றாம் வடிவம், வகுப்பில் வி-த்ரீ என்பார்களே, அது: ‘புட்’. கடைசியில் வினையோடு பிறந்த சிறு சொல்: ‘ஆஃப்’. இந்தக் கடைசிச் சொல்லை இக்கடிதம் முழுவதும் வால் என்றே அழைக்கிறோம். ஆக ஐந்து இடங்கள். எதையும் காலியாக விடக்கூடாது, வரிசையையும் மாற்றக்கூடாது. தங்கள் பாடத்தின் பட்டியலில் ‘பி’, வி-த்ரீ என இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.

வால் ஏன் உதிர்கிறது என்பதற்குத் தமிழ்க் காதே ஒரு காரணம். நமக்கும் இரட்டை வினைகள் உண்டு: தள்ளிப்போடு, கண்டுபிடி, ஒத்திவை, கைவிடு. ஆனால் இவற்றில் காலமும், நான், நீ, அவன் என்ற இட வேறுபாடும் ஏறுவது பின்சொல்லில். ‘கண்டு’ அசையாது, ‘பிடி’தான் பிடித்தேன், பிடிப்பான், பிடிக்க வேண்டும் என்று மாறும். ஆங்கிலத்தில் நேர்மாறு. முன்சொல் மாறும், பின்சொல் கல்லாக நிற்கும். மாற்றம் கடைசியில் வரும் என்று பழகிய காதுக்கு, எதுவும் ஏறாமல் கிடக்கும் அந்தக் கடைசிச் சொல் வேண்டாத சுமையாகத் தோன்றுகிறது. இதில் நம் மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வேற்று மொழிக்காரர்களுக்குப் பெருந்தொல்லை தருபவை இந்த வால் சேர்ந்த வினைகள்தான் என்று குறித்திருக்கிறார்.

வால் போனால் பொருளும் போய்விடும். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரிப்பது, ‘லுக் இன்டு’ விசாரிப்பது, ‘லுக் அப்’ அகராதியில் தேடிப் பார்ப்பது, ‘லுக் டவுன் ஆன்’ இளப்பமாகப் பார்ப்பது. ‘சில்ட்ரன் ஷுட் பி லுக்ட்’ என்று நிறுத்தினால் இவற்றில் எதுவும் வராது, வாக்கியமாகவே தேறாது. ‘தி மேட்டர் வில் பி டெல்ட்’ என்ற வரி அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வருவது. வெறும் ‘டெல்ட்’ என்றால் சீட்டைப் பங்கிட்டுப் போடுவது. புகாரைக் கவனிப்போம் என்று சொல்ல ‘டெல்ட் வித்’ வேண்டும். ‘இட் வில் பி டேக்கன் கேர்’ என்பதும் அதே குடும்பம். ‘கேர்’ பெயர்ச்சொல். அதைச் செயப்படுபொருளோடு கட்டும் கயிறு ‘ஆவ்’. ‘இட் வில் பி டேக்கன் கேர் ஆவ்’ என்று முடித்தால்தான் முடிச்சு விழும்.

இப்படி ‘ஆவ்’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சுட்டினார். இலத்தீனில் அப்படி முடிக்க முடியாது என்பதால் ஆங்கிலத்திலும் கூடாது என்ற எண்ணம் பிறகு பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது. ஆங்கிலம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. செயப்பாட்டு வினையில் பொருட்சொல் (செயப்படுபொருளாக வரும் சொல்) முன்னால் போய்விடுவதால் வால் தனியாக நிற்பதைத் தவிர்க்க வழியும் இல்லை.

அதே இடப்பெயர்ச்சி ஒரு நல்லதும் செய்கிறது. செய்வினையில் மாணவரைப் பாடாய்ப் படுத்தும் விதி ஒன்று உண்டு: ‘புட் தி மீட்டிங் ஆஃப்’, ‘புட் ஆஃப் தி மீட்டிங்’ இரண்டும் சரி, ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. எந்த வினையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். செயப்பாட்டு வினைக்கு வந்துவிட்டால் அந்தப் பட்டியலே வேண்டாம். நடுவில் நுழைய பொருட்சொல் இல்லை. வால் வினையை ஒட்டியே நிற்கும், எல்லா வினைக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதி பயம் போய்விடும். பயம் போகாதவர்கள் பழைய ‘இட்’டை நடுவிலேயே விட்டுவிட்டு ‘தி ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இட் இன்’ என்று எழுதுகிறார்கள். படிவம் முன்னால் போய் உட்கார்ந்தாயிற்று; அதையே குறிக்கும் ‘இட்’டுக்கு அங்கே வேலையில்லை.

‘பி’ விழுந்துவிடுவது அடுத்த நோய். ‘தி டோர் மஸ்ட் லாக்ட் அப்’, ‘தி ஃபார்ம் ஷுட் ஃபில்ட் இன்’ என்று வருகிறது. காரணங்கள் மூன்று தெரிகின்றன. ஒன்று, பேச்சில் ‘பி’க்கு அழுத்தம் இல்லை. ‘மஸ்ட் பி’ என்பதில் ‘ட்’ மறைந்து ‘மஸ்பி’ என்று ஓடிவிடும். கேட்பவர் காதில் மஸ்ட் மட்டும் தங்குகிறது. இரண்டு, தமிழ் மரபு. செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்வதும் வழக்கே என்று தொல்காப்பியம் வினையியலில் இடம் தருகிறது; உரைகள் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அந்தச் சலுகை ஆங்கிலத்தில் சில வினைகளுக்கு மட்டும்தான். மூன்று, நாளிதழ்த் தலைப்புகள். ‘மேட்ச் கால்டு ஆஃப்’ என்று ஆங்கிலத் தலைப்பில் பார்த்தவர் ‘பி’ விருப்பச் சொல் என்று நினைத்துவிடுகிறார். அங்கே விழுந்தது ‘வாஸ்’ அல்லது ‘இஸ்’. மோடல் வந்துவிட்டால் தலைப்பிலும் ‘பி’யை விடமாட்டார்கள்: ‘மேட்ச் மே பி கால்டு ஆஃப்’. இந்த ‘மே பி’ இரண்டு சொல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டி எழுதினால் அது ‘ஒருவேளை’ என்னும் வேறு சொல்.

மூன்றாம் வடிவத்தில் அகராதி பார்த்துத் தீர்க்கக்கூடிய பிழைகளே அதிகம். புட், கட், ஷட், செட் ஆகியவை மாறாதவை. த்ரோன் அவே, கிவன் அப், டேக்கன் ஆஃப், ரிட்டன் டவுன், டோர்ன் டவுன், ப்ரோக்கன் இன்டு, டன் அவே வித், பிராட் அப் என்று உருமாறுபவற்றை வாலோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் ஒரு பிழை காதால் வருவது. ‘டர்ன்ட் டவுன்’ என்று சொல்லும்போது வினையின் கடைசி ‘ட்’டும் வாலின் முதல் ‘ட’வும் ஒன்றோடொன்று உருகிவிடும். கேட்பவருக்கு ‘டர்ன் டவுன்’ என்றே கேட்கும். எழுதும்போதும் ‘மஸ்ட் பி டர்ன் டவுன்’ என்று எழுதிவிடுவார். ‘ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்பதில் அந்த ‘ட்’ ஆஃபோடு ஒட்டி ‘ஸ்விட்ச் டாஃப்’ ஆகிவிடும். காதை நம்பாமல் விதியை நம்ப வேண்டிய இடம் இது.

இன்னும் பெரிய குழப்பம் காலத்தில். நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது ‘பி’யின் இடத்தில் ‘ஹேவ் பீன்’ வரும். இதுவரை எளிது. ‘போட்டியை ரத்து செய்திருக்க வேண்டும்’ என்ற தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். ரத்து செய்யாமல் விட்டது தவறு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மைதானம் வெறிச்சோடிக் கிடக்கிறது, ஆகவே ரத்து செய்திருப்பார்கள் என்ற ஊகமாகவும் கொள்ளலாம். தமிழில் குரலும் சூழலும் பிரித்துக் காட்டும். ஆங்கிலம் மோடலை மாற்றிப் பிரிக்கிறது. முதல் பொருளுக்கு ‘ஷுட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’, இரண்டாவதற்கு ‘மஸ்ட் ஹேவ் பீன் கால்டு ஆஃப்’. இரண்டையும் மாற்றிப் போட்டால் நடக்காத ரத்து நடந்ததாகிவிடும். புகார்க் கடிதத்தில் ‘மை அப்ளிகேஷன் மஸ்ட் ஹேவ் பீன் லுக்ட் இன்டு’ என்று எழுதினால், விசாரித்திருக்க வேண்டாமா என்ற கோபம் போய்ச் சேராது. விசாரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற தொனிதான் சேரும். அதிகாரிக்கு அது வசதிதான்.

‘செய்திருக்கலாம்’ என்பதிலும் இதே இரட்டைப் பொருள் உண்டு. வாய்ப்பு இருந்தும் விட்டார்கள் என்றால் ‘குட் ஹேவ் பீன் புட் ஆஃப்’. ஒருவேளை செய்தும் இருப்பார்கள், உறுதியில்லை என்றால் ‘மைட் ஹேவ் பீன் புட் ஆஃப்’ என்பது பாதுகாப்பானது. ‘குட்’ இரண்டாவது பொருளிலும் வரும் என்றாலும் கற்பவர் தொடக்கத்தில் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ‘நீட் நாட் ஹேவ் பீன் த்ரோன் அவே’ என்றால் எறிந்தாயிற்று, எறிந்திருக்க வேண்டியதில்லை. ‘கான்ட் ஹேவ் பீன் த்ரோன் அவே’ என்றால் எறிந்திருக்க வழியே இல்லை, இங்கேதான் எங்கோ இருக்கும். ‘ஷுட் ஹேவ்’ என்பதைப் பேச்சில் ‘ஷுடவ்’ என்று கேட்டு, எழுத்தில் ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆவ்’ என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் உள்ள பிழை. நாம் அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

எதிர்மறையில் ஒரே ஒரு இடம்தான் ஆபத்து. ‘இந்தப் பகுதியை நிரப்ப வேண்டாம்’ என்று ஒரு படிவத்தில் இருந்தால் நிரப்பக்கூடாது என்றா, நிரப்பாவிட்டாலும் பரவாயில்லை என்றா? ‘வேண்டாம்’ இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆங்கிலத்தில் தடைக்கு ‘மஸ்ட் நாட் பி ஃபில்ட் இன்’, விலக்குக்கு ‘நீட் நாட் பி ஃபில்ட் இன்’. ஆகவே மொழிபெயர்க்கும் முன் தமிழை ‘கூடாது’ என்றோ ‘வேண்டியதில்லை’ என்றோ மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நாட்’ எப்போதும் மோடலுக்கும் ‘பி’க்கும் நடுவில். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்றவையும் அங்கேயே: ‘மஸ்ட் ஆல்வேஸ் பி ஸ்விட்ச்ட் ஆஃப்’. ‘கேர்ஃபுல்லி’ போன்றவை வினைக்கு முன்னாலோ வாலுக்குப் பின்னாலோ வரலாம். வினைக்கும் வாலுக்கும் நடுவே ‘ஃபில்ட் கேர்ஃபுல்லி இன்’ என்று செருகக்கூடாது.

எல்லா ஃப்ரேசல் வெர்புக்கும் செயப்பாட்டு வடிவம் இல்லை என்பதையும் தங்கள் பகுதி சொல்லவில்லை. இங்கே மறுபடி ‘ஐ’ உருபே கைகொடுக்கும். ‘டேக் ஆஃப்’ என்பதற்குக் கழற்றுவது, விமானம் கிளம்புவது என இரு பொருள். ‘காலணியைக் கழற்ற வேண்டும்’ என்பதில் ‘ஐ’ உண்டு: ‘ஷூஸ் மஸ்ட் பி டேக்கன் ஆஃப்’. ‘விமானம் கிளம்ப வேண்டும்’ என்பதில் இல்லை. ஆகவே ‘தி பிளேன் மஸ்ட் டேக் ஆஃப்’ என்பதோடு சரி. வண்டி பழுதாகி நின்றால் ‘மஸ்ட் ஹேவ் ப்ரோக்கன் டவுன்’, நடுவில் ‘பீன்’ வராது. ஒரு கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் அதே ‘ப்ரேக் டவுன்’ என்றால் ‘கேன் பி ப்ரோக்கன் டவுன்’ சரி. ரன் அவுட், டர்ன் அப், க்ரோ அப், பாஸ் அவே ஆகியவை கிளம்பும் விமானத்தின் கட்சி. இந்தச் சோதனை முழுக்க நம்பத்தக்கதும் அல்ல. ‘டேக் ஆஃப்டர்’ என்றால் சாயலில் ஒருவரை உரித்து வைத்திருப்பது. தமிழில் ‘ஐ’ வருகிறது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை வராது. ‘கம் அக்ராஸ்’, ‘கம் அப் வித்’ ஆகியவற்றையும் செயப்பாட்டில் போட்டால் காதுக்கு ஒவ்வாது. அங்கே ‘ஃபவுண்ட்’, ‘தாட் அப்’ என்று வேறு வினைக்குப் போவதே வழி.

மூன்று சொல் வினைகளில் இரண்டு வால். ‘சச் நாய்ஸ் கேனாட் பி புட் அப் வித்’, ‘திஸ் ரூல் ஷுட் பி டன் அவே வித்’. இரண்டையும் வைக்க வேண்டும். செய்பவரைச் சொல்ல வேண்டியிருந்தால் ‘பை’ அவற்றுக்கும் பின்னால் வரும்: ‘நோ ஒன் ஷுட் பி லுக்ட் டவுன் ஆன் பை அதர்ஸ்’. ஆன், பை என்று இரண்டு முன்னிடைச்சொற்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து ஒன்றை அடித்துவிடும் திருத்துநர்கள் உண்டு. தயவுசெய்து அடிக்க வேண்டாம். ‘மஸ்ட் பி ஃபில்ட் இன் இன் இங்க்’ என்பதிலும் இரண்டு ‘இன்’னும் சரியே. முதலாவது வால், இரண்டாவது மையைச் சேர்ந்தது. கண் உறுத்தினால் ‘ஃபில்ட் அவுட் இன் இங்க்’ என்று மாற்றிக்கொள்ளலாம். பொருள் மாறாது. ஆனால் செய்பவர் யாரென்று தெரிந்து, அவரைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் செய்வினையே மேல். ‘பை அஸ்’ என்று முடியும் அலுவலக வாக்கியங்களில் பெரும்பாலானவை ‘வீ’ என்று தொடங்கியிருக்க வேண்டியவை.

எழுத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஷட் டவுன், செட் அப், லாக் இன் ஆகியவை வினையாக வரும்போது இரண்டு சொற்கள், பெயர்ச்சொல்லாக வரும்போது ஒட்டி ஒரே சொல். மோடலுக்கும் ‘பி’க்கும் பிறகு வருவது வினை, ஆகவே பிரித்தே எழுத வேண்டும். உச்சரிப்பில் இன்னொன்று. ஆஃப், அவுட், அப் போன்ற வால்கள் கடைசியில் அழுத்தம் பெறும்: ‘மஸ்ட் பி புட் ஆஃப்’ என்பதில் குரல் ஏறுவது ஆஃபில். ‘டெல்ட் வித்’, ‘லுக்ட் அட்’ ஆகியவற்றில் ஏறுவது வினையில். வால் மெலிந்து நிற்கும். அழுத்தம் பெறுவதால் ‘ஆஃப்’ பிழைத்துக்கொள்கிறது, மெலிந்து நிற்பதால் ‘வித்’ தொலைந்துபோகிறது. மாணவர் தாள்களில் விடுபடும் வால்களைப் பார்த்தால் இந்த வகைதான் கூடுதலாக இருக்கும்.

அடுத்து இந்தப் பாடம் வரும்போது பயிற்சிக் கேள்விகளில் ‘பட வேண்டும்’ இல்லாத, பேசுகிற தமிழைக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். கீழுள்ள ஐந்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்: ‘பழைய தாள்களை எறியக்கூடாது.’ ‘இந்தப் புகாரை உடனே விசாரிக்க வேண்டும்.’ ‘கூட்டத்தை முன்பே ரத்து செய்திருக்கலாம், செய்யவில்லை.’ ‘இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை.’ ‘இருப்பு தீர்ந்துவிடலாம்.’

விடைகள்: ‘ஓல்ட் பேப்பர்ஸ் மஸ்ட் நாட் பி த்ரோன் அவே.’ ‘திஸ் கம்ப்ளெய்ன்ட் மஸ்ட் பி லுக்ட் இன்டு அட் ஒன்ஸ்.’ ‘தி மீட்டிங் குட் ஹேவ் பீன் கால்டு ஆஃப் எர்லியர்.’ ‘தி செகண்ட் பேஜ் நீட் நாட் பி ஃபில்ட் இன்.’ ஐந்தாவதில் ‘ஐ’ இல்லை; ‘தி ஸ்டாக் மே ரன் அவுட்’ என்பதுதான் விடை. ‘மே பி ரன் அவுட்’ என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறைப்பதைவிட, டேக் ஆஃப் பற்றிய பத்தியை மறுபடி படிக்கச் சொல்வது பயன் தரும்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்